சாமியிடம் வைத்த கத்திகள்

நான் கோபக்காரன். தொழிற்சங்கத்துக்காரன் கோபப்பட்டால் ஊர் ஏற்றுக்கொள்கிறது. சமாதானம் பேசுகிறவன் கோபப்பட்டால் மட்டும் முகத்தைச் சுளிக்கிறது. மெல்லப் பேச வேண்டுமாம். சிரித்த முகமாக இருக்க வேண்டுமாம். யாராவது காலை மிதித்தால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு காலை இழுத்துக்கொள்ள வேண்டுமாம். மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டு வெளியே வரும் கனவான்கள் எனக்கு இப்படித்தான் புத்தி சொல்வார்கள். கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த என் மனைவி அவர்களைவிட ஒரு படி மேல். "நீங்க சமாதானம் பேசக் கிளம்புனா தெரு நாய்கூட ஒதுங்கிப் போகுதுங்க" என்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் கடுகண்ணாவை ரயில் நிலையத்தில் சாமான் கொட்டகைக் கிளாக்கராக இருந்தேன். அங்கே ஒரு வேலைநிறுத்தம் வந்தது. நியாயமான வேலைநிறுத்தம், இன்றைக்கும் அதற்காக யாருடனும் மல்லுக்கட்டத் தயார். ஒரு நாள் காலையில் எங்களை மீறி வேலைக்குப் போன எஞ்சின்காரர் ஒருவர்மேல் எங்கள் கூட்டத்திலிருந்து யாரோ கல்லெறிந்தார்கள். அவருக்கு ஒரு கண் போய்விட்டது. அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு தண்டவாளத்தின் ஓரம் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். விரலிடுக்கில் இரத்தம் வழிந்தது. அன்றோடு எங்கள் கோரிக்கை செத்தது. பத்திரிகைகளும் மேலதிகாரிகளும் பிரசங்கிகளும் அந்தக் கண்ணைப் பற்றியே பேசினார்கள். நாங்கள் ஏன் வேலையை நிறுத்தினோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கல்லெறிந்தவனை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். அந்த மனிதரின் கண்ணை எடுத்ததற்காக ஒரு கோபம், எங்கள் வாயை அடைத்ததற்காக இன்னொரு கோபம். அதற்குப் பிறகு நான் இருந்த எந்தப் போராட்டத்திலும் ஒருவரையும் கல்லெடுக்க விட்டதில்லை.

எனக்கும் வேலை போயிற்று. கண்டிக்கு வந்து, சந்தைக்குப் பின்னால் ஒரு கடையின் மேல்மாடியில் சங்கத்துக்கு அறை எடுத்தோம். இரண்டு கதிரைகள், கதவு சாத்தாத ஓர் அலுமாரி, ஏறும்போது மூட்டுவலிக்காரனைப் போல முனகும் மரப்படி. தோட்டத்து ஆட்கள் அந்தப் படியில் ஏறி வரத் தொடங்கியது முப்பதுகளில்தான். அவர்கள் வந்த பிறகுதான் ரயில்வேக்காரனுடைய கஷ்டமெல்லாம் கஷ்டமே இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

தோட்டத்துக்குள் நாங்கள் கால் வைக்க முடியாது. வைத்தால் அத்துமீறிப் புகுந்தான் என்று வழக்கு. துரையின் குதிரை போகலாம், வட்டிக்காரன் போகலாம், சாராயக்காரன் போகலாம். லயத்தில், அந்த வரிசை வீடுகளில், குடியிருக்கிற மனிதர்களை அவர்கள் கூப்பிட்டாலும் நான் போய்ப் பார்க்கக் கூடாது. ஆகவே கலஹாப் பக்கத்து ஒரு தோட்டத்து ஆட்களிடம் நான் பேசியதெல்லாம் அரசாங்க ரோட்டில் இருந்த ஒரு மதகின் மேல் நின்றுதான். ஆட்கள் வேலை விட்டு வந்து தேயிலைச் சரிவில், தோட்டத்து எல்லைக்குள், வரிசையாக உட்காருவார்கள். நடுவில் ஒரு கான், மழைத்தண்ணீர் வடிகிற வாய்க்கால், ஓடும். கானுக்கு இந்தப் பக்கம் நான் கத்துவேன், அந்தப் பக்கம் அவர்கள் கேட்பார்கள். என் தொண்டை கெட்டுப்போனது அந்த மதகில்தான்.

அங்கே கவ்வாத்து வெட்டுகிறவர்களில் ஒருவர் எனக்கு நெருக்கமானார். தேயிலைச் செடியை மரமாக வளரவிடாமல் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தலை வெட்டுவதுதான் கவ்வாத்து. ஆண்களின் வேலை; வளைந்த கத்தியும் வலுவான தோளும் வேண்டும். அவர் என் வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். நான் அவரை அண்ணே என்பேன். என்னை ஐயா என்று கூப்பிட வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும், "சரிங்க ஐயா" என்பார்.

அவருடைய மனைவி நிறைமாதமாக இருந்தாள். மேல்மலைக்கு ஏற முடியவில்லை, கொஞ்ச நாளைக்குக் கீழ்மலையிலேயே கொழுந்து எடுக்கிறேன் என்று, வேலை பிரித்துக் கொடுக்கிற கணக்கப்பிள்ளையிடம் கேட்டாள். காலைப் பிரட்டில், வேலைக்குப் பேர் எடுக்கிற இடத்தில், எல்லோருக்கும் முன்னால், அவன் அவளுடைய வயிற்றைக் காட்டி ஒரு பேச்சுப் பேசினான். அதை நான் எழுதமாட்டேன். எழுதினால் அவன் இன்னொரு முறை பேசியதாக ஆகிவிடும். பேசிவிட்டு மேல்மலைக்கே அனுப்பினான். மழை பெய்து வழுக்கிக் கிடந்த பாதையில் கூடையோடு விழுந்து, ஒரு கானுக்குள் கிடந்தே பெற்றாள். பிள்ளை அழவில்லை. தோட்டத்து மருந்துக்காரர் வந்து பார்த்து, இரும்புச் சத்துப் போதாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

தொழிலாளர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. அந்தக் கணக்கப்பிள்ளை போக வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை. துரையோ தோட்டத்தை யார் நடத்துவது என்று தனக்குத் தெரியும் என்று சொல்லியனுப்பினார். கவ்வாத்துத் தொடங்க வேண்டிய வேளையில் தோட்டம் முழுவதும் வேலையை நிறுத்தியது.

துரை சும்மா இருப்பாரா? கீழே இருந்த சிங்களக் கிராமத்து ஆராச்சியைப் பிடித்தார். ஆராச்சி என்றால் ஊர்த் தலைவர், அரசாங்கத்தின் ஆள். அவர் கிராமத்து ஆண்களைக் கத்தியோடு மேலே கூட்டிவந்து கவ்வாத்து வெட்டச் செய்வதாக ஏற்பாடு. வயலில் வேலை இல்லாத காலம்; அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை. ஆனால் கண்முன்னே ஒரு காட்சி வந்து நின்றது. கத்தியோடு அவர்கள் ஏறி வருகிறார்கள். கத்தியோடு இவர்கள் நிற்கிறார்கள். நடுவில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு மனிதர். ஒரே ஒரு கத்தி உயர்ந்தால் போதும். கணக்கப்பிள்ளை என்ன பேசினான் என்பதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். தமிழனும் சிங்களவனும் வெட்டிக்கொண்டார்கள் என்பது மட்டும் நிற்கும். துரைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

மதகுக்குப் போனேன். கவ்வாத்துக்காரர் கானுக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கவ்வாத்தே இல்லாத நாளில்.

"யாருக்கண்ணே தீட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"சும்மாதாங்க ஐயா."

"சும்மா தீட்டுற மூஞ்சியா இது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அவன் தெனமும் எங்க லயத்த தாண்டித்தாங்க போறான். சீட்டி அடிச்சிக்கிட்டுப் போறான்."

அவருக்குப் பக்கத்தில் இன்னும் சிலர் கத்தியும் கையுமாக இருந்தார்கள். அந்தக் கத்திகளை லயத்தில் விட்டுவைக்கவே கூடாது என்று எனக்குப் பட்டது. ஆனால் எப்படி வாங்குவது? கவ்வாத்துக்காரனிடம் கத்தியைக் கொடு என்பது சாதாரணப் பேச்சில்லை. தோட்டம் கொடுத்து, கூலியில் பிடித்துக்கொண்ட கத்தி. ஒவ்வொருவனும் தன் கைக்கு ஏற்றபடி பிடி போட்டு வைத்திருப்பான். ஒருவன் கத்தியை மற்றவன் தொடமாட்டான்.

அப்போதுதான் கவ்வாத்துச் சாமி ஞாபகம் வந்தது. நான் வேதக்காரன், மாதாவைக் கும்பிடுகிறவன்; ஆனாலும் தோட்டங்களைச் சுற்றி அலைந்து அலைந்து இதெல்லாம் எனக்குத் தெரியும். கவ்வாத்துத் தொடங்கும்போது அந்த மலையில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, எல்லோருடைய கத்தியையும் அதன் முன்னால் அடுக்குவார்கள். எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வைத்து, சூடம் கொளுத்தி, கடைசியில் தேங்காய் உடைப்பார்கள். தேங்காய் உடையும்வரை கத்தி சாமியுடையது. அதுவரை சொந்தக்காரனே அதைத் தொடமாட்டான். அந்த ஆண்டுக் கவ்வாத்துப் பூசை இன்னும் நடந்திருக்கவில்லை.

"பூசையைத் தொடங்குவோம்" என்றேன். "தேங்காய மட்டும் ஒடைக்க வேணாம். அந்தக் கணக்கப்பிள்ளை போன பிறகு ஒடைப்போம். அதுவரைக்கும் கத்தி சாமிகிட்ட இருக்கட்டும்."

கூட்டத்தில் ஒரே சத்தம். சாமியை வைத்து விளையாடலாமா என்று சிலர் கேட்டார்கள். கத்தியில்லாமல் நின்றால் கிராமத்தான் சிரிப்பான் என்று சிலர் சொன்னார்கள். வேதக்காரனுக்கு எங்கள் பூசையில் என்ன வேலை என்று ஒருவர் கேட்டார், நியாயமான கேள்விதான். நான் கத்தினேன். கடுகண்ணாவையில் போன கண்ணைப் பற்றிச் சொன்னேன். உங்களிடம் கத்தி இருக்கிறவரைக்கும் துரைக்குத்தான் லாபம் என்றேன். கடைசியில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தவர் எழுந்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இழந்தவர் அவர்; அவர் கொடுத்தால்தான் மற்றவர்கள் கொடுப்பார்கள்.

"திரும்பி வருமாங்க ஐயா?" என்று கேட்டார். "கத்தி இல்லாட்டி பேர் போடமாட்டாங்க. பேர் இல்லாட்டி லயம் இல்ல."

"ஒங்க கையிலயே நான் கொண்டாந்து தருவேண்ணே" என்றேன். "ஒங்க வேலையும் இருக்கும்."

அவர் கானைத் தாண்டி ரோட்டுக்கு வந்து கத்தியைக் கீழே வைத்தார். ரோட்டோரத்திலேயே கல் நட்டார்கள். ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். சூடம் எரிந்து அணைந்தது. தேங்காய் உடையாமல் நின்றது.

தோட்டத்துக்குள் வைத்தால் காவல்காரன் அள்ளிக்கொண்டு போவான். ரோட்டில் வைத்தால் எவனும் எடுப்பான். கடைத்தெருவில் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவர் எங்களுக்கு வேண்டியவர். எல்லோரும் அவரை நானா என்பார்கள். கத்திகளைச் சாக்கில் கட்டி, மேலே தேங்காயையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்து, அவரிடம் கொண்டுபோனோம். "உள் அறையில ஈக்கட்டும் தம்பி" என்றார். "கத்தி விக்கிற கடைல கத்தி ஈக்கிறதுக்கு யார் என்ன சொல்லப் போறான்?" அறையைப் பூட்டித் திறப்பை என் கையில் கொடுத்தார். அந்தத் திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் வயிறு எரிகிறது.

கிராமத்து ஆட்கள் ஏறி வந்தது ஒரு பனி மூடிய காலையில். ஆராச்சி முன்னால் வந்தார். எங்கள் ஆட்கள் சரிவில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் மதகில் நின்றேன். வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிற மனிதர்களைத் தாண்டிக்கொண்டு கத்தியோடு போவது அவ்வளவு லேசில்லை. அவர்களில் வயதான ஒருவர் எங்கள் கவ்வாத்துக்காரரைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார், உங்கள் கத்திகள் எங்கே என்று. இவர் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், தெய்வத்திடம் வைத்திருக்கிறோம், பூசை முடியவில்லை என்றார்.

அந்தக் கிழவர் திரும்பினார். தன் ஆட்களிடம் ஏதோ சொன்னார். அவர்களும் வயல் வேலை தொடங்குமுன் தெய்வத்துக்குப் படைக்கிறவர்கள்தான். ஒருவனுடைய பூசை முடியுமுன் அவன் செடியில் கத்தி வைக்கக் கூடாது என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆராச்சி கத்தினார், மிரட்டினார். அவர்கள் திரும்பி இறங்கிப் போனார்கள். எங்கள் பெண்கள் போகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். ஒரு சொட்டு இரத்தம் சிந்தவில்லை. என் வாழ்க்கையில் நான் கண்ட ஆக நல்ல காலை அதுதான்.

அதைத்தான் அதிகாரத்தில் இருந்தவர்களால் பொறுக்க முடியவில்லை. சண்டை நடந்திருந்தால் துரைக்குச் சௌகரியம், பொலிசுக்குச் சௌகரியம். நடக்கவில்லை என்றதும் அன்று பின்னேரமே பொலிஸ் வண்டி கடைத்தெருவுக்கு வந்தது. யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. ரோட்டோரத்தில் பட்டப்பகலில் நடந்த பூசையை யாரும் சொல்லலாம். இன்ஸ்பெக்டர் நானாவின் உள் அறையைத் திறக்கச் சொன்னார். திறப்பு என் பையில் இருந்தது. நானே போய்த் திறந்துவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது? கத்திகளை வேலைநிறுத்தக்காரர்களிடமிருந்து வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறோம் என்று பெருமையாகவே சொன்னேன். பாராட்டுவார் என்றுகூட நினைத்தேன் போலிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் கத்திகளைக் கடைத் தரையில் பரப்பிப் படம் பிடிக்கச் செய்தார். கலகத்துக்கு ஆயுதம் சேர்த்ததாக என்மேலும், ஒளித்து வைத்ததாக நானாமேலும் வழக்கு. தேங்காயையும் கொண்டுபோனார்கள்.

எங்களுக்காக வழக்காட வந்தவர் யாழ்ப்பாணத்துப் பிறக்கிராசியார் ஒருவர். காசுக்கு வந்தவரல்ல, என்னை அவருக்குப் பிடிக்கவும் செய்யாது. என் கூட்டங்களைப் பற்றி, "சந்தையில மீன் விக்கிற மாதிரி" என்று சொல்லியிருக்கிறார். சங்க அறைக்கு வந்து கதிரையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஓம் காணும், நான் வாறன்" என்றார். "ஆனா நீர் அங்கை வாயைத் திறக்கப்படாது. உம்மடை கோவத்தை வீட்டிலை வைச்சிட்டு வாரும்."

"நான் என்ன குற்றம் செஞ்சேன்?"

"குற்றம் ஒண்டும் செய்யேல்லை. அதுதான் கரைச்சல். குற்றம் செய்தவனைக் காப்பாத்திறது எனக்கு லேசு."

வழக்கு நாளில் கத்திகள் நீதவானுக்கு முன்னால் மேசையில் கிடந்தன. ஒவ்வொரு பிடியிலும் ஒரு துண்டு கட்டித் தொங்கியது. பக்கத்தில் தேங்காய். குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் காய்ந்து சுருங்கி ஒரு தட்டில் இருந்தது. அரச தரப்பு வக்கீல் அந்தத் தட்டைத் தூக்கிக் காட்டினார். இந்தக் கூலிகள் தங்கள் ஆயுதங்களை வணங்கினார்கள் என்றார். இந்தச் சிவப்பு இரத்தத்தைக் குறிக்கிறது என்றார். ஒரு சபதம் எடுத்திருக்கிறார்கள் என்றார். அவருடைய வீட்டுச் சாமியறையிலும் குங்குமம் இருந்திருக்கும். அதை யாருடைய இரத்தம் என்று சொல்வாரோ தெரியாது. நான் எழுந்தேன். பிறக்கிராசியார் கோட்டைப் பிடித்து இழுத்து என்னை உட்காரவைத்தார்.

எங்கள் தரப்பில் கவ்வாத்துக்காரர் சாட்சி சொல்ல ஏறினார். அதற்கு முதல் நாள் அவருக்கும் அவர் மனைவிக்கும் தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டியிருந்தார்கள். அவர் அதைப் பற்றிப் பேசவேயில்லை. கேட்டதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதுதான் எங்களை முடித்தது.

"இந்தக் கத்திகளைக் கும்பிட்டாயா?" என்று வக்கீல் கேட்டார்.

"கும்பிட்டோங்க. வருசா வருசம் கும்பிடுவோம்."

"சத்தியம் செய்தீர்களா?"

"செஞ்சோங்க. தேங்கா ஒடையிற வரைக்கும் கத்தியத் தொடமாட்டோம்னு."

"தேங்காய் உடைக்கும் நேரத்தை யார் சொல்வது?"

அவர் என்னைப் பார்த்தார். "ஐயா சொல்லுவாருங்க."

"ஐயா சொன்னால், தேங்காய் உடைந்தால், பிறகு என்ன செய்வீர்கள்?"

"கத்திய எடுப்போங்க" என்றார் அவர். "வேலைக்குப் போகணும்ல?"

வக்கீல் முதல் பாதியோடு திரும்பிக்கொண்டார். நீதவானின் பேனாவும் அங்கேயே நின்றுவிட்டது. வேலைக்குப் போவதைப் பற்றிய பாதி காற்றோடு போயிற்று. தேங்காய் உடைப்பதுதான் கலகத்துக்கு அடையாளம் என்று வக்கீல் முடித்தார். பிறக்கிராசியார் நன்றாகத்தான் பேசினார். வெட்ட நினைக்கிறவன் கத்தியைக் கையில் வைத்திருப்பானா, அடுத்தவன் வீட்டில் பூட்டி வைப்பானா என்று கேட்டார். கிராமத்துக் கிழவரைச் சாட்சிக்குக் கூப்பிட விண்ணப்பித்தார். அது அவசியமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

என்னைச் சிறைக்கு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் பரவாயில்லை என்று பல தடவை நினைத்திருக்கிறேன். ஓராண்டுக்குச் சமாதானத்தைக் காப்பேன் என்று நான் பிணை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் நீதவான். தோட்டப் பக்கம் கூட்டம் போடக் கூடாது. நான்! சமாதானத்தைக் காப்பேனென்று! எனக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. பிறக்கிராசியார் மேசைக்கடியில் என் காலை மிதித்தார், சப்பாத்துக் காலால். நானாவுக்குத் தண்டம். கத்திகள் அரசாங்கத்துக்குப் பறிமுதல்.

வெளியே மரத்தடியில் கவ்வாத்துக்காரரும் அவர் மனைவியும் நின்றார்கள். அவள் மெலிந்து போயிருந்தாள். தலையில் ஒரு துணிமூட்டை. லயத்திலிருந்து அப்படியே வந்திருந்தார்கள். திரும்பிப் போக லயம் இல்லை. கையில் பற்றுச்சீட்டும் இல்லை. வேலை விட்டுப் போகிறவனுக்குத் தோட்டம் கொடுக்கிற அந்தச் சீட்டு இல்லாமல் வேறு எந்தத் தோட்டமும் சேர்க்காது.

"ஐயா, கத்தி?" என்று அவர் கேட்டார்.

குரலில் கோபமில்லை. கொடுத்த பொருளைக் கேட்கிற குரல், அவ்வளவுதான். நான் உள்ளே கை காட்டினேன். அவர் அந்தக் கட்டடத்தைப் பார்த்தார். பிறகு, "சரிங்க ஐயா, போறோம்" என்று சொல்லிவிட்டு மனைவியைக் கூட்டிக்கொண்டு நடந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். அவள் தலைமூட்டையைச் சரிசெய்துகொண்டு அவர் பின்னால் போனாள்.

கணக்கப்பிள்ளையைத் துரை கடைசியில் மாற்றினார். வேறொரு பெரிய டிவிசனுக்கு, தனி வீட்டோடு. அங்கேயும் பிரட்டு உண்டு, அங்கேயும் நிறைமாதப் பெண்கள் உண்டு. வேலைநிறுத்தம் வென்றது என்று சங்கத்தில் சிலர் சொன்னபோது நான் கதிரையைத் தூக்கிப் போட்டேன். அந்தக் கதிரைக்கு அன்று கால் போயிற்று.

நானாவின் கடை தோட்டத்து நிலத்தில் இருந்தது. வாடகை முடிந்ததும் விடச் சொன்னார்கள். அவர் திகனைக்குப் போய் மச்சானோடு சேர்ந்து கடை போட்டார். பிணைக் காலம் முடிந்ததும் அவரைப் பார்க்கப் போனேன். எப்படி முகத்தில் முழிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்தார். "வாங்க தம்பி, டீ குடிங்க. எப்ப வேணும்னாலும் வாங்க" என்றார். "சாக்கு மட்டும் கொண்டாராதீங்க."

அவர்தான் சொன்னார், திகனைக்கு மேலே ஒரு தோட்டத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியிருக்கிறது என்று. அங்கேயும் அதே கதை. கீழ்க் கிராமத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவரப் போகிறார்கள் என்ற பேச்சு. டீயை வைத்துவிட்டு மேலே ஏறினேன்.

அங்கே மதகுகூட இல்லை. ரோட்டு வளைவில் ஒரு மண்மேட்டில் ஏறி நின்றேன். ஆண்கள் சரிவில் உட்கார்ந்திருந்தார்கள். கவ்வாத்துக் காலம், எல்லோர் கையிலும் கத்தி. நான் கடுகண்ணாவையில் போன கண்ணிலிருந்து தொடங்கினேன். கிராமத்து ஆட்கள் திரும்பிப் போன அந்தக் காலையைச் சொன்னேன். கத்தியைச் சாமியிடம் வையுங்கள், தேங்காயை உடைக்காதீர்கள் என்றேன். ஒருவரும் அசையவில்லை. எல்லோருடைய தலையும் பின்வரிசைப் பக்கம் திரும்பியது.

அங்கே அவர் உட்கார்ந்திருந்தார். மச்சான் முறையில் யாரோ ஒரு கங்காணியின் தயவில், வேறொருவர் பேரில், அந்தத் தோட்டத்தில் சேர்ந்திருக்கிறார். தலையில் நரை விழுந்திருந்தது. எனக்கு அவரைக் கண்ட சந்தோஷம். அண்ணே என்று கூப்பிட்டேன். அவர் எழுந்து நின்றார். புதுக் கத்தி, புதுப் பிடி.

"நீங்க பேசுங்க ஐயா, கேக்குறோம்" என்றார். "ஒங்கமேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. நீங்க சொன்னா யாரையும் வெட்டமாட்டோம். ஆனா கத்தி எங்க கையிலயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். கத்தியை மடியில் வைத்துக்கொண்டார். மற்றவர்களும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

அவரை நான் எப்படிக் குறை சொல்வேன்? ஒரு தடவை நம்பிக் கொடுத்தார். பிள்ளையைக் கொடுத்தவர், கத்தியையும் கொடுத்தார். அதை வாங்கி மேசையில் பரப்பித் துண்டு கட்டித் தொங்கவிட்டவர்கள், ஆயுதத்தைக் கீழே வைத்தால் என்ன நடக்கும் என்று அவருக்குப் படிப்பித்து அனுப்பினார்கள். அவருக்கு மட்டுமல்ல, மலை மலையாக எல்லோருக்கும். அடுத்த தடவை எங்கேயாவது இரத்தம் சிந்தினால் இந்தக் கூலிகளைத் தூண்டிவிட்டது யார் என்று அவர்களே என்னைக் கேட்பார்கள்.

அன்று கிராமத்து ஆட்கள் வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. ஆராச்சிக்குக் காய்ச்சல் என்றார்கள். நான் பொழுது சாயும்வரை அந்த மண்மேட்டை விட்டு இறங்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தேன். முன்பெல்லாம் என் ஆட்களின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவேன். அன்று முழுவதும் அவர்களுடைய மடியைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.